தகரக் கூரையின் கீழ்: மலையக ஆலயங்களைத் தேடிப் போன பயணம்

2024 ஒக்டோபர் 24, வியாழன் – கண்டி

மகியங்கனை வரைக்கும் கூடவே வந்த வெயில், பதினெட்டு வளைவின் பாதியில் மூடுபனியாகிவிட்டது. மட்டக்களப்பில் பஸ் ஏறும்போது வேர்த்துக் கொட்டியது. இங்கே பின்சீட்டு ஆச்சி ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ மச்சாளுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. கொண்டக்டர் தம்பி முகம் சுளிக்காமல் ஒரு ஷொப்பிங் பையையும் பாதித் தேசிக்காயையும் நீட்டினார். இந்தப் பாதைக்கென்றே தேசிக்காய் வாங்கி வைத்திருப்பாராம். இறங்கும்போது காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். கரையோரத்தில் எங்கள் சபையின் கதை எல்லாருக்கும் மனப்பாடம். 1813 கடைசியில் தோமஸ் கோக் என்ற மெதடிஸ்த போதகர் தன் மிஷனரிகளோடு இங்கிலாந்தில் கப்பல் ஏறினார். மறுவருஷம் மே மாதம் நடுக்கடலிலேயே இறந்துபோனார். மிச்சப்பேரில் ஐந்து பேர் 1814 ஜூன் 29 அன்று காலிப் பக்கம் கரையேறி ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு லிஞ்சும் ஸ்குவான்ஸும், எங்கள் ஊருக்கு வில்லியம் ஓல்ட். ஓல்ட் ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை, 1815இல் மட்டக்களப்பிலேயே அடங்கிப்போனார். இதெல்லாம் ஞாயிறு பாடசாலையில் கேட்ட கதை. ஆனால் மலையகத்தில் இந்தச் சபை எப்படி வேர்விட்டது, அங்கே என்ன மாதிரிக் கட்டடம் கட்டினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. மச்சாள் கட்டட வரைபடம் வரைகிறவர். அவருக்குச் சுவரும் கூரையும், எனக்குக் கதை. அப்படித்தான் இரண்டு பேரும் கிளம்பினோம்.

பின்னேரம் மழை தூறத் தூற சென் போல் ஆலயத்துக்குப் போனோம். அங்கிலிக்கன் ஆலயம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையுடையது, 1840களில் கட்டியது. சிவப்புச் செங்கல், கனத்த கோபுரம். ஒரு பக்கம் தலதா மாளிகை, இன்னொரு பக்கம் நாத தேவாலயம். 1815இல் கண்டியைப் பிடித்த அரசு, முப்பது வருஷத்துக்குள் இராச்சியத்தின் நடுவீட்டிலேயே தன் ஆலயத்தை வைத்துவிட்டது. உள்ளே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவர் முழுக்கப் பட்டாளத்து ஆட்களின் நினைவுப் பலகைகள். வாசித்துக்கொண்டே போனால் ஒரு படையின் வருகைப் பதிவேடு போல இருக்கிறது.

இரவு இடியப்பம், சொதி, கட்டச் சம்பல். இரண்டு பேருக்கும் 780 ரூபா. சொதி கேட்கக் கேட்க ஊற்றினார்கள்.

ஒக்டோபர் 25, வெள்ளி – கண்டியிலிருந்து ஹட்டன்

திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தைப் பார்க்க வாசலில் அனுமதி கேட்க வேண்டும். காவலாளி ஐயா எங்கள் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே தொலைபேசியில் கேட்டு, தானே கூட வந்தார்.

பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். கண்டி அரசனின் மகுல் மடுவ மண்டபத்தை மனதில் வைத்து, அந்தக் கல்லூரியின் துணை அதிபராக இருந்த காஸ்டர் வடிவமைத்தது. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கிய 54 தூண்கள். 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். காற்றும் வெளிச்சமும் நாலு பக்கத்தாலும் வருகின்றன. உள்ளே டேவிட் பெயின்டர் வரைந்த சுவரோவியங்கள். வேத காட்சிகள் எல்லாம் நம் மண்ணின் முகங்களோடும் மரங்களோடும் இருக்கின்றன. மச்சாள் தூணின் போதிகைகளைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் நகரவே இல்லை.

இதுவும் அங்கிலிக்கன் கட்டடம்தான். கண்டியில் மெதடிஸ்தர்களின் முதல் அக்கறை பள்ளிக்கூடங்களில் இருந்தது. 1879இல் பெண்கள் உயர்தரப் பாடசாலை. 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் ஒரு சின்ன ஆண்கள் பள்ளிக்கூடம் தொடங்கி, 1894இல் அதை வெஸ்லியன் மிஷனிடம், அதாவது மெதடிஸ்தரிடம், ஒப்படைத்தார். அதுதான் கிங்ஸ்வூட் கல்லூரி. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1748இல் பிரிஸ்டல் பக்கம் நடத்திய பள்ளிக்கூடத்தின் பெயர் அது.

மத்தியானத்துக்குப் பிறகு ஹட்டன் பஸ். கினிகத்தேனை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது, ஹட்டன் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. தோட்டங்களில் முற்பணம் கொடுத்திருக்கிறார்கள் போல. நடைபாதையில் சின்னப்பிள்ளைச் சட்டை 1,200 ரூபாவுக்குக் கூவுகிறார்கள், தாய்மார் 900க்குக் கேட்கிறார்கள், நடுவில் பிள்ளை மழையில் நிற்கிறது. தேத்தண்ணிக் கடையில் ரொட்டி 60, பிளேன்டி 50. கடைக்கார அண்ணன் எங்கள் நனைந்த குடைகளை வாங்கி அடுப்புப் பக்கம் சாத்தி வைத்தார்.

ஒக்டோபர் 26, சனி – டிக்கோயா, பிறகு ரயில் பாதையில் ஒரு நகரம்

காலையில் ஓட்டோ பிடித்து டிக்கோயா வோர்லி ஆலயம். 1878இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கட்டிய ஆலயம். கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி, கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். புகைப்படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் கல்லறைகளுக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன். கட்டியவர்கள் கோப்பியில் தொடங்கி, 1869இல் வந்த இலைநோயில் கோப்பி அழிந்து, தேயிலைக்கு மாறிய தலைமுறை. எத்தனையோ பேர் இளவயதில் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார் வழியாகக் கால்நடையாக வந்து பாதையோரம் விழுந்த தமிழ்க் கூலிகளுக்கு ஒரு கல்லும் இல்லை. ஈரப்புல்லில் என் கணுக்காலில் இரண்டு அட்டை ஏறியிருந்தன. ஓட்டோத் தம்பி சவர்க்காரத் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்க்கச் சொன்னார், உடனே விழுந்தன.

அப்புறம் ரயில். கதவோரம் நின்றுகொண்டே பயணம். இறால் வடை ஒன்று 100 ரூபா. எட்டாம் ஆண்டுக் கணிதப் பரீட்சைத் தாளில் சுற்றித் தந்தார்கள், அந்தப் பிள்ளைக்கு 71 புள்ளி. மழையில் எங்கோ பாதையைச் சோதிக்க வேண்டியிருந்ததால் ஒரு ஸ்டேஷனில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் நின்றது. பக்கத்தில் நின்ற குடும்பம் தங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்து, கேட்காமலே எங்களுக்கும் ஒரு பிடி தந்தது. கிழங்குப் பிரட்டலும் நெத்தலிக் கருவாடும்.

இந்த ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தது, அடுத்த வருஷம் நானுஓயா, 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. தண்டவாளம் போன வழியே கடைத்தெரு, தபால் கந்தோர், பள்ளிக்கூடம், அதன் பின்னால் ஆலயம். நாங்கள் தேடி வந்த ஆலயமும் அப்படி ரயிலின் பின்னால் வந்ததுதான். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். கூரைத் திருத்தம் பற்றிச் சபைக்குள் இன்னும் முடிவாகவில்லை, அதுவரை பெயர் வேண்டாம் என்று ஆலயக் காரியங்களைப் பார்க்கும் உக்கிராணக்கார ஐயா கேட்டுக்கொண்டார்.

ஹாட்வெயார் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஒரு படிக்கட்டு, ஏறினால் ஆலயம். கோபுரம் இல்லை. முகப்பின் உச்சியில் ஒற்றை மணி. கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், பக்கத்துக்கு மூன்று கூர் ஜன்னல்கள், சரிவான தகரக் கூரை. ஐயா ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர். "வாங்கம்மா, செருப்போடயே வாங்க, தரை ஐஸா இருக்கும்" என்று கதவைத் திறந்தார்.

உள்ளே போனதும் கண்ணுக்கு முதலில் படுவது பிரசங்க பீடம். ஓரத்தில் இல்லை, நட்டநடுவில். அதன் காலடியில் திருவிருந்து மேசை, சுற்றி முழந்தாளிட ஒரு மரக்கிராதி. வண்ணக் கண்ணாடி கிடையாது, வெறும் கண்ணாடிதான். வாங்குகள் பலாமரம், பாட்டுப் புத்தகம் வைக்கப் பின்பக்கம் ஒரு தட்டு. மச்சாள் நடுவில் நின்று கையைத் தட்டினார். இரண்டடி நகர்ந்து மறுபடி தட்டினார். "இந்த அறையைக் காதுக்காகக் கட்டியிருக்கிறார்கள்" என்றார்.

அவர் சொன்னது சரி. வெஸ்லி தன் போதகர்களுக்கு வகுத்த விதிகளில் கட்டடத்துக்கும் விதி உண்டு. இடம் இருந்தால் பிரசங்க வீட்டை எண்கோணமாகக் கட்டுங்கள், குரலுக்கு அதுதான் நல்லது என்றார். யோர்க்‌ஷயரில் ஹெப்டன்ஸ்டாலில் 1764இல் அப்படி ஓர் எண்கோண ஆலயம் எழுப்பினார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்கார வேண்டும் என்றும் விதி. எளிமையாகக் கட்டுங்கள், செலவு கூடினால் பணக்காரர்கள் நமக்கு அவசியமாகிவிடுவார்கள், அவர்கள் சொல்படி நடக்க வேண்டிவரும் என்பதையும் எழுதி வைத்தார். கூர் ஜன்னல் பிறகு வந்த விஷயம். கட்டடக்கலை பயின்ற ஜொப்சன் என்ற வெஸ்லியன் போதகர் 1850இல், ஆலயம் கூர்வளைவுள்ள கொதிக் பாணியில் இருக்க வேண்டும், நாடகக் கொட்டகை மாதிரி இருக்கக் கூடாது என்று ஒரு நூலே எழுதினார். இந்த ஆலயத்தில் வெளித்தோற்றம் ஜொப்சன் சொன்னது, உள்ளம் வெஸ்லி சொன்னது. மலைச்சரிவில் எண்கோணத்துக்கு ஏது இடம்?

சுவரில் பித்தளைத் தகடுகள், எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். தமிழ்ப் பெயர்கள் பின்னறையில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கின்றன. வீட்டு விலாசம் எழுத வேண்டிய இடத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும். ஐயா ஒரு பக்கத்தைத் திருப்பி, தன் தகப்பனாரின் பெயரைக் காட்டினார். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனிடமே தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனிடம் என்ன காகிதம் இருக்கும்? "எங்கப்பா இந்தப் பக்கத்தத்தான் எழுதி வாங்கிட்டு அரசாங்கக் கச்சேரிக்கு நடந்தாரு. அதை ஏத்துக்கல" என்றார் ஐயா.

இன்னும் சில பக்கங்களில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் "இந்தியா" என்று எழுதியிருக்கிறது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதென்றும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்றும் முடிவு செய்தார்கள். அதே 1964இல்தான் இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானியச் சபையிலிருந்து தன்னாட்சி பெற்றது. எங்கள் ஊரில் அந்த ஆண்டைக் கொண்டாட்டமாகச் சொல்வார்கள். இந்தப் பின்னறையில் அதே ஆண்டுக்குப் பிறகு பென்சில் எழுத்து கூடிக்கொண்டே போகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தச் சபையின் வரலாற்றை யாரும் எழுதக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

ஒக்டோபர் 27, ஞாயிறு – அதே ஊர்

காலையில் சிங்கள ஆராதனை, தமிழ் ஆராதனை பின்னேரம் மூன்று மணிக்கு. ஒரே போதகர் சேகரத்தில் பல ஆலயங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் இந்த ஒழுங்கு. இன்று அவர் வேறு இடத்தில். பிரசங்கம் செய்தவர் ஓர் உள்ளூர்ப் பிரசங்கியார், தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை.

ஆண்கள் இடம், பெண்கள் வலம். யாரும் சொல்லி உட்காரவில்லை, அதுவாகவே நடந்தது. ஆர்மோனியமும் ஒரு தபேலாவும். முதலில் ஞானப்பாட்டு, பிறகு கீர்த்தனை. எங்கள் ஊரைவிட மெதுவாகப் பாடுகிறார்கள், ஒவ்வொரு அடியின் கடைசியையும் இழுத்து. மூன்றாம் பாட்டுக்குள் எனக்கும் அந்த நடை பிடிபட்டது.

வேதபாடம் லூக்கா 13. பதினெட்டு வருஷம் கூனியாயிருந்து, எவ்வளவும் நிமிரக்கூடாதிருந்த பெண். பிரசங்கியார் குறிப்புத்தாள் எதுவும் வைத்திருக்கவில்லை. "கூடைக் கயிறு தலையில எங்க அழுத்தும்னு இங்க இருக்கிற அம்மாமாருக்கு நான் சொல்லித்தர வேண்டாம்" என்று தொடங்கினார். இயேசு அவளைப் பின்வாங்கிலிருந்து முன்னுக்குக் கூப்பிட்டார், எல்லாரும் பார்க்கக் கூப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டு போகும்போதே மழை இறங்கியது. சாதாரண மழை இல்லை. தகரத்தில் கல்லைக் கொட்டுகிற சத்தம். அவர் வாய் அசைகிறது, எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அவர் பதறவில்லை. பேச்சை நிறுத்திப் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார். முன்வாங்குக் கிழவி ஒருவர் ஒரு கீர்த்தனையை எடுத்தார். எண் சொல்லவில்லை, புத்தகம் திறக்கவில்லை. சபை முழுக்கப் பிடித்துக்கொண்டது. அது முடிய இன்னொன்று, அதற்குப் பிறகும் ஒன்று. மழைக்கு மேலே குரல் ஏறியது. மழை தணிந்ததும் பிரசங்கியார் எழுந்து, "முன்னுக்குக் கூப்பிட்டாரு" என்று விட்ட வசனத்திலிருந்தே தொடர்ந்தார். மழைக்காலத்தில் இது வழக்கமாம். பிரசங்கத்தின் நடுவில் எத்தனை பாட்டு வரும் என்பதை வானம் முடிவு செய்யும். குரலுக்காகக் கட்டிய அறையில் குரல் தோற்கிற நேரத்துக்கு இந்த மக்கள் தாங்களே ஒரு வழிபாட்டு முறையை உண்டாக்கியிருக்கிறார்கள். நான் இதுவரை இருந்த எந்த ஆராதனையிலும் இவ்வளவு கவனமாக ஒரு பிரசங்கத்தைக் கேட்டதில்லை.

மச்சாள் வேறொன்றைக் கவனித்திருந்தார். பின்பக்கம் கால்வாசி இடத்தில் பழைய மர உட்கூரை இன்னும் இருக்கிறது. மற்ற இடங்களில் கறையான் அரித்து, முன்பே கழற்றிவிட்டார்கள். மழை பெய்யும்போது அவர் மெல்ல எழுந்து பின்வாங்குக்குப் போய் உட்கார்ந்தார். பலகையின் கீழ் இரைச்சல் பாதிக்குப் பாதி குறைவாக இருந்ததாம். கட்டியவர்கள் தகரத்தின் குறையை அறிந்துதான் கீழே பலகை அடித்திருக்கிறார்கள். பாரமான பலகையும், அதற்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளியும் சேர்ந்துதான் சத்தத்தைக் குறைக்கின்றன.

ஆராதனை முடிந்து பிளேன்டியும் மாலுபாணும் தந்தார்கள். அங்கேதான் விவாதம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வெள்ளை பீவீசீ பிளாஸ்டிக் தகடு அடிக்கலாம் என்கிறார்கள்: மலிவு, கறையான் வராது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் முகப்பில் கோபுரம் எழுப்பி, தரைக்கு டைல்ஸ் போட்டுத் தர ஆயத்தம், உட்கூரைக்குத் தரமாட்டார்களாம். மச்சாள் ஒரு தம்பியைப் பக்கத்தில் வைத்து விளக்கினார். பீவீசீ பாரமில்லாதது, மழைச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. பலகை பாரமானது, அந்தப் பாரம்தான் வேலை செய்கிறது. மேலே ஒரு படுக்கை பாறைக் கம்பளி (ரொக் வூல்) விரித்தால் இன்னும் நல்லது. அந்தத் தம்பி கோபப்படாமல் கேட்டு, தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

எனக்கு இதில் நடுநிலை கிடையாது. கோபுரம் வேண்டாம். கோபுரம் இல்லாமல் கட்டியது காசில்லாததால் மட்டும் அல்ல, அது இந்தச் சபையின் கொள்கை. பணம் தருகிறவரின் விருப்பத்துக்கு முகப்பைக் கட்டிவிட்டு, பிரசங்கம் கேட்காத கூரையின் கீழ் உட்காருவதைத்தான் வெஸ்லி அன்றைக்கே பயந்தார். இதை நான் அங்கேயும் சொன்னேன். சில முகங்கள் சுருங்கின, பிறகு ஓர் அம்மா இன்னொரு மாலுபாணை என் கையில் வைத்தார்.

ஒக்டோபர் 28, திங்கள் – பதுளை

துன்ஹிந்த நீர்வீழ்ச்சி திட்டத்தில் இருந்தது. பாதை வழுக்குகிறது என்று விட்டுவிட்டோம். மச்சாளின் சப்பாத்து அடி கழன்று, தைப்பவருக்கு 250 ரூபா. தைத்து முடியும்வரை தன் செருப்பை அவருக்குப் போடக் கொடுத்தார்.

சென் மார்க் ஆலயம் சுருக்கமாகப் பார்த்தோம். 1857இல் கட்டியது, மேஜர் ரொஜர்ஸ் நினைவாக. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கிய அதிகாரி, 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஒரு வேட்டைக்காரனுக்கு ஒரு ஆலயமே நினைவுச்சின்னம். நேற்றுப் பார்த்த பதிவேட்டுக்குப் பிறகு அந்த நினைவுக் கல்லை வாசிக்க எனக்குப் பொறுமை வரவில்லை.

பிபிலை வழி பஸ்ஸில் மச்சாள் மடியில் காகிதம் வைத்து உட்கூரையின் அளவுகளை வரைந்துகொண்டே வந்தார். சுவரிலிருந்து சுவருக்கு, வளைக்கு வளை. இரவு அதை உக்கிராணக்கார ஐயாவுக்கு அனுப்பினோம். சபைக் கூட்டம் நவம்பர் 10ஆம் திகதி, அங்கே இந்த வரைபடத்தை வைக்கப் போகிறாராம். புதுப் பலகை விலையில் சபையால் முடியாது. மலையகத்தில் எங்காவது பழைய பங்களாவோ ஸ்டோரோ உடைக்கிறார்கள், நல்ல பலகை போகிறது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். ஓர் அங்குலக் கனம், ஆறடிக்குக் குறையாத நீளம் வேண்டும்.